பார்ப்பவர்கள்: 2

"அனுப்பிப் பார்க்கிறது இது நாலாந்தரம், தம்பி. நாலாந்தரமும் பன்னிரண்டு வீதத்தில வந்து நிக்குது," என்றாள் கீர்த்தனி.

அம்மா இறந்த முப்பத்தோராம் நாள் காரியம் வருகிற ஞாயிறு. அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற 'கல்வெட்டு' என்ற நினைவுப் புத்தகத்தை ஐந்து மணிக்குள் அனுப்பினால்தான் அச்சடிக்க ஏலும் என்று டவுன் அச்சகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இப்போது மூன்றரை.

இன்டர்நெட் திருத்த வந்த இன்ஷாப் லப்டொப்பை எட்டிப் பார்த்தார். திரையில் கடைசிப் பக்கம் திறந்து கிடந்தது. 'பெற்ற பிள்ளை: கீர்த்தனி.'

"நீங்க ஒரே பிள்ளையா அக்கா?"

"கனடாவில ஒருத்தர் இருக்கிறார், அண்ணன் சசிகரன். பெத்த தாய்க்குக் கொள்ளி வைக்க வராதவருக்குக் கல்வெட்டில என்ன பேர்? வெட்டிப்போட்டன்."

"வர ஏலாம இருந்திருக்கும்..."

"அகதிக் கேஸ் முடியேல்லையாம். வெளிக்கிட்டால் திரும்ப உள்ளுக்கு விடமாட்டாங்களாம். நல்ல சாட்டு! செத்தவீட்டண்டே போனில சொல்லிப்போட்டன், இனி உங்கட குரல் இந்த வீட்டில கேக்கக்கூடாதெண்டு. அதுக்குப் பிறகு ஒரு கோல் இல்லை. ரோசத்துக்கு மட்டும் குறைவில்லை."

இன்ஷாப் ரவுட்டர் பக்கம் திரும்பினார். நாலு வீட்டுக்குள் போய் வருகிற தொழிலில், கேட்டதைக் கேட்காத மாதிரி இருப்பதும் ஒரு வேலைதான்.

"எப்ப இருந்து ஸ்லோ?"

"செத்தவீட்டுக்குப் பிறகுதான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்டு சொல்றன், சிரிக்காதேங்கோ. அம்மாவின்ர படத்துக்கு முன்னால விளக்கு எரியுது. முப்பத்தொண்டு வரைக்கும் அது நூராமல் எரியவேணும். நான் குசினியில நிக்கேக்க அது நூந்தால், உடன வீட்டுப் போன் அடிக்குது. ஓடிவந்து எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை. மூண்டு தரம் நடந்திட்டுது."

"தற்செயலா இருக்கும் அக்கா."

"மூண்டு தரமுமோ? அம்மா இன்னும் போகேல்லை, தம்பி. பகலிலயே தனிய இருக்கப் பயமாயிருக்கு."

துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் ஊதியது. அதற்கே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இன்ஷாப் தன்னுடைய லப்டொப்பை ரவுட்டரில் செருகி ஸ்பீட் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"வாறது நல்லா வருது. போறதுதான் அடைச்சிருக்கு. இந்த வீட்டுக்குள்ள இருந்து ஏதோ ஒண்டு நிப்பாட்டாம வெளியில போய்க்கொண்டிருக்கு."

"இங்க நான் மட்டும்தானே இருக்கிறன். என்ர மனுசன் சீனன்குடாவில வேலையில."

ரவுட்டரின் பின்னால் ஏற்கெனவே மூன்று வயர்கள் இருந்தன. ஒன்று கீர்த்தனியின் லப்டொப்புக்கு, ஒன்று டிவிக்கு. மூன்றாவதை இன்ஷாப் விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது எங்க போகுது?"

அவளுக்குத் தெரியவில்லை.

மெல்லிய கறுப்பு வயர். சுவரோரமாக ஓடி, கதவு நிலையில் ஏறி, அம்மாவின் படம் இருக்கிற முன் அறைக்குள் போனது. படத்துக்கு நேர் எதிரே நின்ற அலுமாரியின் பின்னால் மறைந்தது. இன்ஷாப் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். அலுமாரிக்கு மேல், பழைய பெட்டிகளுக்கு நடுவே, சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம்.

கமெரா.

"வெளிநாட்டில இருக்கிறவங்க பார்க்க, செத்தவீட்டை இன்டர்நெட்டில நேரடியாக் காட்டினீங்களா?"

"ஓம். ஆனால் வீடியோக்காரர் அண்டைக்கே எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போயிட்டாரே!"

"இதை மறந்திட்டார் போல. இன்னும் ஓடுது. அந்த லிங்க் இருக்கா?"

குடும்ப வாட்ஸ்அப்பில் கிடந்த லிங்கைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். கைத்தொலைபேசியில் அவளுடைய முன் அறை தெரிந்தது. அம்மாவின் படம், எரிகிற விளக்கு, அதன் முன்னால் தலைகுனிந்து நிற்கிற ஒரு பெண். தன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று விளங்கியபோது சட்டென்று திரும்பி அலுமாரியைப் பார்த்தாள்.

கீழே எழுதியிருந்தது: பார்ப்பவர்கள்: 2.

"ஒண்டு நாங்க," என்றார் இன்ஷாப்.

"மற்றது?"

இன்ஷாப் கமெராவைத் திரும்பிப் பார்த்தார்.

கீர்த்தனிக்கு வியர்த்துக் கொட்டியது. பதற்றத்தில் கை போய் ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டது. விளக்குக்காக இத்தனை நாளும் ஒருவரும் தொடாத சுவிட்ச். காற்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. விளக்கு நூர்ந்தது.

"ஐயோ!"

இருவரும் அசையாமல் நின்றார்கள். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுகிற நேரம்தான் இருக்கும்.

போன் அடித்தது.

இன்ஷாப்பின் முகம் வெளுத்துவிட்டது. "எடுங்க அக்கா."

எடுத்தாள். வழக்கம்போல் சத்தமில்லை. அவள் நூர்ந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு அலுமாரிக்கு மேல் எரிந்த அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"அண்ணா?"

யாரோ மூச்சை அடக்குவது கேட்டது.

"அண்ணா, நீங்களே? கதையுங்கோ அண்ணா."

அழுது கட்டிப்போன ஒரு குரல் மெல்லச் சொன்னது:

"முதல்ல விளக்கைக் கொளுத்து, பிள்ளை."

ஃபேனை நிறுத்திவிட்டுக் கொளுத்தினாள். அதற்குள் மூன்று நெருப்புக்குச்சி வீணாய்ப் போனது.

இன்ஷாப் இன்னும் கதிரையில்தான் நின்றார். "மணி நாலு தாண்டிட்டுது அக்கா. இந்த வயரைக் கழட்டினா உங்கட பைல் உடனே போயிடும். கழட்டட்டா?"

"தொடாதேங்கோ, தம்பி. பைலை நானே கையில கொண்டுபோய்க் குடுக்கிறன்." கீர்த்தனி முகத்தைத் துடைத்துக்கொண்டு லப்டொப்பின் முன் உட்கார்ந்தாள். "மூத்த பிள்ளையின்ர பேர் இல்லாமல் அம்மாவுக்கு என்ன கல்வெட்டு?"