அடையாள மரம்

கோணப்பனை தண்ணீர்த் தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றது. அப்படியென்றால் வழி சரி.

கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால் மச்சான் செங்கல்வராயனின் படகு போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் என் படகு. இரண்டு இரவு கடலில் கிடந்துவிட்டுக் கரைக்குத் திரும்புகிறோம்.

விடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் முழு வெளிச்சம் வரவில்லை. கிழக்கே வானம் சட்டியின் அடி மாதிரி கறுத்துக் கிடந்தது. வாடைக்காற்று ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

எங்கள் திட்டு, மாமல்லபுரத்துக்கு வடக்கே உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற மணல். கடலிலிருந்து பார்த்தால் முதலில் சவுக்குத் தோப்பு ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். கிட்டே வர வர, தாழம்புதரும் மணலில் படர்ந்த அடப்பங்கொடியும் தனித்தனியாகப் பிரியும். அப்புறம்தான் பனைகள். பதினேழு பனை உண்டு. கழுத்தொடிந்த மாதிரி தெற்கே சாய்ந்து நிற்பது ஒன்றுதான்.

திட்டுக்கு முன்னால் தண்ணீருக்கடியில் பாறை. ஊர்ப் படகுகள் அதைச் சுற்றிக்கொண்டு முகத்துவாரம் வழியாகப் போகும். ஒரு மணி நேரம் கூடுதல். பாறைக்கு நடுவே ஒரு படகு நுழைகிற அளவுக்கு இடைவெளி இருப்பது எங்கள் இரண்டு படகுக்கு மட்டுமே தெரியும். கோணப்பனையையும், அதற்குப் பின்னால் ஊருக்குள் இருக்கிற தண்ணீர்த் தொட்டியையும் ஒரே கோட்டில் பிடித்து வர வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் படகு இரண்டு துண்டு.

அந்தக் கோட்டை மச்சானுக்குக் காட்டிக் கொடுத்தவன் நான். என் தங்கை வேண்டாவின் கல்யாணத்துக்கு நகை போட எனக்கு வக்கில்லை. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளையைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்து, மரத்தைக் காட்டினேன். சீர் என்று நான் செய்தது அது ஒன்றுதான்.

வேறு யாரிடமும் வாய் திறந்ததில்லை. வேண்டாவுக்குக்கூடத் தெரியாது. போன மாதம், திட்டில் இடம் வாங்கியிருக்கிற லக்ஷ்மிநாராயணன் சார் என்னைக் கூப்பிட்டார். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். இதில் உங்களுக்கு வேண்டிய மரம் எது என்று கேட்டார். யாரிடம் கேட்கிறார்! வடக்கு மூலையில் இடி விழுந்து தலை போன மொட்டைப்பனையைக் காட்டிவிட்டு வந்தேன். மச்சானும் நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

"அண்ணாத்த..." என் படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த தீனதயாளன் திரும்பினான். "மரம் நேராத்தான் கீது. அலை ஓசை இன்னாத்துக்கு எதிர்க்க வருது?"

காதைக் கொடுத்தேன். தெற்குப் பாறையில் அலை உடைகிற சத்தம் எப்போதும் இடது கைப் பக்கம் கேட்கும். இன்றைக்கு நேர் எதிரே கேட்டது.

மரத்தைப் பார்த்தேன். அதே கோணல் கழுத்து. பின்னால் அதே தொட்டி. இத்தனை வருஷத்தில் அந்த மரம் என்னை ஏமாற்றியதில்லை. ஆனாலும் வேகத்தைக் குறைத்தேன்.

மரத்தில் மட்டைகள் குறைந்திருந்தன. யாரோ ஓலை வெட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் மிச்ச மட்டைகளை மேலே சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஓலை வெட்ட வந்தவன் எதற்குக் கட்டப் போகிறான்?

அப்புறம்தான் தாழம்புதரைப் பார்த்தேன். கோணப்பனையின் காலடியில் இருக்க வேண்டிய புதர். அது மரத்தை விட்டு வடக்கே முப்பது நாற்பது அடி தள்ளி நின்றது. புதருக்குப் பக்கத்தில் தோண்டிப்போட்ட ஈர மணல் குவியலாகக் கிடந்தது. அங்கிருந்து மரம் வரைக்கும் கனத்த வண்டி போன தடம். மரத்துக்கு நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து, அடியில் ஈரச் சாக்கு சுற்றியிருந்தது.

அந்த மரத்தடியில் வேண்டா மீன் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். புருஷனின் படகைப் பார்த்துக் கையை ஆட்டினாள். மரத்தை நகர்த்தியது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அது என்ன மரம் என்று தெரிந்திருந்தால் ஒரு போன் போட்டிருப்பாள்.

"மச்சான், வடக்கால திருப்பு! மரத்த மாத்திகிறானுங்க!"

தொண்டை கிழியக் கத்தியும், என் இன்ஜின் சத்தத்தையே அது தாண்டவில்லை. பாலிதீன் உறையிலிருந்த போனை எடுத்து அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. அலை பின்னாலிருந்து தள்ளும்போது இன்ஜின் கைப்பிடியை விட்டு எவன் போனை எடுப்பான்? துண்டை அவிழ்த்து வீசி வீசி ஆட்டினேன்.

மச்சான் திரும்பிப் பார்த்தான். சிரித்த மாதிரித்தான் இருந்தது. பிறகு கையை நீட்டி மரத்தைக் காட்டினான், சரியாகத்தான் போகிறேன் என்று.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே படகை வடக்கே ஒடித்தேன். அப்போதுதான் திட்டின் வடக்கு மூலை கண்ணில் பட்டது.

மொட்டைப்பனையைச் சுற்றி வட்டமாகக் கல் பதித்து, கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்து, பச்சை வலையில் வேலி போட்டிருந்தது. தலையே இல்லாத அந்தக் கட்டைக்கு.

அன்றைக்கு சார் சொன்னதில் பாதியைத்தான் நான் காதில் போட்டுக்கொண்டேன். மச்சானிடம் சொல்லிச் சிரித்ததும் அந்தப் பாதியைத்தான்.

"தம்பி, நான் ஒரு மரத்தையும் வெட்டப் போறதில்லை. வீடு கட்ட இடைஞ்சலா இருக்கறதை வேரோட எடுத்து ஓரமா நட்டுடுவேன். உங்க தொழிலுக்கு வேண்டிய மரம் எதுன்னு மட்டும் காட்டுங்க, அதுல கை வைக்க மாட்டேன்."

அவர் கை வைக்கவில்லை.

மச்சானின் படகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இன்ஜின் சத்தம் நின்றது.