தைக்காமல் விட்ட ஒரு சாண்

"யாகூப் பாய், இது என்னன்னு நீங்களே பாருங்க!"

ராமாமணி ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மெத்தைக் கடை மேசைமேல் வைத்தாள். உள்ளே மூன்று தெள்ளுப்பூச்சிகள் நசுங்கிக் கிடந்தன.

"எங்க மாமனார் மெத்தையைப் பஞ்சு உதறித் தைக்கக் குடுத்தேன். நீங்க கொண்டாந்து போட்டு நாலு நாள்தான் ஆச்சு. இன்னிக்கு ஒடம்பு தொடைக்கறப்பப் பாத்தா, கால் முச்சூடும் தடிச்சுக் கெடக்குது. பக்கவாதம் வந்து பேச்சும் போன மனுசன். கடிக்குதுன்னு சொல்லக்கூட முடியாதுங்க அவரால!"

கல்யாண மெத்தைக்குச் சொல்ல வந்திருந்தவர், "அப்புறம் வாரேனுங்க" என்று நழுவினார்.

பஞ்சு மூட்டைமேல் கடைப் பூனை கறுப்பி சுருண்டு படுத்திருந்தது. ராமாமணியின் பார்வை அங்கே போய் நின்றது.

"கடைக்குள்ள பூனையை வெச்சிருந்தா வேற என்னங்க ஆகும்?"

தையல் மெஷினை விட்டு எழுந்தாள் யாகூப்பின் மனைவி தாஜுன்னிசா.

"அம்மணி, மூணு மாசத்துக்கு ஒருக்கா அதுக்கு வயித்துப் பூச்சி மருந்து குடுக்கறேன். பனிக்காலம் வந்தா வாரம் தவறாம பேன் சீப்புல வாரி, டாக்டர் சொன்ன பவுடரைத் தடவறேன். அது படுக்கற சாக்கைக்கூட வெந்நியில அலசித்தான் காயப்போடறேன். வேணும்னா நீங்களே வாரிப் பாருங்க!"

"எனக்குப் பூனைன்னாலே ஆகாதுங்க. எங்க ஊட்டு வாசப்படியை ஒரு பூனை மிதிச்சதில்ல. மிதிக்கவும் உடமாட்டேன்."

"மொதல்ல மெத்தையைப் பாக்கறேனுங்க," என்று யாகூப் அவளோடு கிளம்பினார்.

மாமனார் படுத்திருந்த அறையில் மார்கழிக் காற்று சிலுசிலுவென்று வீசியது.

"இந்தக் குளிர்லயும் ஜன்னலைச் சாத்த உடமாட்டேங்கறார். சாத்தினாக் கத்தறார்," என்று அலுத்துக்கொண்டாள் ராமாமணி.

இருவருமாகப் பெரியவர் கோவிந்தராஜுலுவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். யாகூப் மெத்தையை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். கால்மாட்டில் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். நிமிர்ந்தபோது பெரியவரின் நல்ல கை அவர் சட்டையை இறுகப் பிடித்திருந்தது. பெரியவர் அழுதுகொண்டிருந்தார்.

"பாத்தீங்களா பாய், எத்தனை வலின்னு!" ராமாமணி முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

யாகூப் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க கடைப் பூனையாலதானுங்க. தப்பு என்னோடது. வேற பஞ்சு போட்டுப் புதுசாத் தெச்சுத் தாரேன்."

"அது போதாது. அந்தப் பூனை இனிக் கடையில இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா சிங்காநல்லூர் பூராச் சொல்லிப்போடுவேன்."

"நாளைக்கே அனுப்பிச்சுடறேனுங்க."

சொன்னபடியே மறுநாள் கறுப்பியைக் கூடையில் வைத்து, மேட்டுப்பாளையத்திலிருக்கும் தங்கை வீட்டில் விட்டுவந்தார். ஏழு வருஷம் வளர்த்த பூனை. தாஜுன்னிசா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நாத்தனாரிடம் பேசிவிட்டு வந்தவளுக்கு அடக்க முடியவில்லை.

"கதவு கிட்டயே உக்காந்திருக்குதாமா. பாலைத் தொடலையாமா. ஏனுங்க, நம்ம பூனை மேல ஒரு பூச்சி இல்லைன்னு உங்களுக்கே தெரியும். அப்பறம் எதுக்குப் பழியை ஏத்துக்கிட்டீங்க?"

பெரியவரின் மெத்தையைத் தைத்துக்கொண்டிருந்த யாகூப், நூல்கண்டு டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். உள்ளே ஒரு சிட்டிகை செம்பட்டை மயிர்.

"அந்த மெத்தையில, கால்மாட்டுல ஒட்டியிருந்துச்சு."

"நம்மது கறுப்பாச்சே!"

"இது செவலைப் பூனை. ஜன்னல் வழியா வந்து, குளிருக்கு அவர் காலடியில படுத்துக்குது. நான் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சுதான் சட்டையைப் புடிச்சுட்டு அழுதார். நான் உள்ளதைச் சொல்லியிருந்தா அன்னிக்கே ஜன்னலைச் சாத்தியிருப்பாங்க. நாம பஸ் ஏறிப் போயாச்சும் கறுப்பியைப் பாத்துக்கலாம். அவரு எங்க போவாரு?"

தாஜுன்னிசா மெத்தையைத் தடவிப் பார்த்தாள். சுவரோரம் வரும் பக்கத்தில், படுத்தபடி கை எட்டும் இடத்தில், ஒரு சாண் அளவு தைக்காமல் இருந்தது.

"இதை மறந்துட்டீங்களா?"

"மறக்கல. உன்னைக் கேக்கலாம்னு உட்டிருக்கறேன்."

அவள் உள்ளே போனாள். கறுப்பியின் பவுடர் டப்பாவையும் பேன் சீப்பையும் கொண்டுவந்து, அந்த இடைவெளிக்குள் தானே செருகினாள்.

"கழுத்துல இருந்து வார ஆரம்பிக்கோணும்னு பெரியவர் காதுல சொல்லிட்டு வாங்க. பூனைக்கு அதுதான் புடிக்கும்."