எந்த வேலை அதிகம்?

மருத்துவமனை மென்பொருளுக்கு அவள் எழுதிய கையேட்டை அந்த வார்டில் யாரும் புரட்டுவதே இல்லை. திரையில் இருக்கும் பட்டன்களின் வரிசையில் எழுதியதுதான் தப்பு என்று அவளுக்கே உறைத்தது. நர்ஸுகள் செய்கிற வேலைகளின் வரிசையில் மாற்றி எழுதலாம் என்று, மடிக்கணினியோடு நர்ஸின் மேஜையருகே உட்கார்ந்தாள்.

"இங்க நீங்க அடிக்கடி செய்யற வேலை எது, சிஸ்டர்? அதை முதல்ல வெச்சிடறேன்."

"அட்மிஷன்."

"அடுத்தது?"

நர்ஸ் மருந்துத் தட்டை அடுக்க ஆரம்பித்தாள். "டிஸ்சார்ஜ்னு போட்டுக்கோங்களேன்."

"போட்டுக்கோங்கன்னா எப்படி? ஏதோ ஒப்புக்கு எழுதி, இதுவும் மூலையில கிடக்கவா? நிஜத்தைச் சொல்லுங்க. கடைசியா எப்ப டிஸ்சார்ஜ் பண்ணீங்க?"

"ஞாபகம் இல்லம்மா."

"அப்போ படுக்கை எப்படிக் காலியாகுது?"

நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இறப்புப் பதிவு. இந்த வார்டுல அதுதாம்மா அதிகம். வேற எதுவும் என்கிட்ட கேக்காதீங்க."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். இறப்புப் பதிவை மேலே ஏற்றினாள். டிஸ்சார்ஜைக் கடைசிக்குத் தள்ளினாள். கணினியை மூடிவிட்டு, ஜன்னலோரப் படுக்கையருகே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

படுத்திருந்த அவள் கணவன் கண்ணைத் திறந்தான்.

"இவ்வளவு நேரம் சிஸ்டர்கிட்ட பேசிட்டிருந்தியே, எனக்கு எப்ப டிஸ்சார்ஜ்னு கேட்டியா?"

"கேட்டேன்," என்றபடி அவன் போர்வையை இழுத்துவிட்டாள். "சீக்கிரமாம்."