தபால்காரன் கொண்டுவந்த வெற்றுத் தாள்

“வாயைத் திறங்க. திறக்காம இங்கேருந்து எழுந்து போக முடியாது” என்றார் அந்தப் பெண். முகத்துக்கு நேரே விளக்கு எரிந்தது. இரண்டு பக்கமும் ஆள் நின்றதால் ஓடவும் வழியில்லை.

கதாசிரியன் திறந்தான். பல் டாக்டரான அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தார். “கடைவாய்ப் பல்லைக் கடிச்சுக் கடிச்சே தேய்ச்சு வெச்சிருக்கீங்களே, அப்படி யார் மேல சார் கோபம்?”

கோபமில்லை, பயம். அவன் கதை எழுதிய வீடியோ கேம் வெளிவந்து பத்து நாள் ஆகியிருந்தது. மூழ்கிப்போன ஒரு நகரத்தின் வழியே ஒரு தபால்காரன் ஒரே ஒரு கடிதத்தைக் கொண்டுபோகிறான். நாற்பது மணி நேரம் விளையாடி, கடைசி வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு பெண் வந்து உறையைப் பிரித்தால் உள்ளே வெற்றுத் தாள். அத்தோடு ஆட்டம் முடிந்தது.

விளையாடியவர்கள் அவனைக் கரித்துக் கொட்டினார்கள். தபால்காரன் முதல் காட்சியிலேயே செத்துவிட்டான் என்றது ஒரு கூட்டம். வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும் என்று இன்னொரு கூட்டம் தங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தது.

நடந்தது இவ்வளவுதான். கடிதத்தில் என்ன எழுதுவது என்று கதாசிரியனுக்குத் தோன்றவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருந்தான். படம் வரைகிறவர்கள் அதுதான் முடிவு என்று எண்ணி, அந்த வெற்றுத் தாளை மடிப்பு மடிப்பாக அழகாக வரைந்துவிட்டார்கள். யாரிடமும் வாய் திறக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அன்று காலை முதலாளி போன் செய்திருந்தார். “மூணு மணிக்கு நிருபருங்க வர்றாங்க. அந்தத் தாளுக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு மணிக்குள்ள எனக்கு வந்து சொல்லு. சரியா சொல்லலேன்னா ரெண்டாம் பாகத்தை வேற ஆள் எழுதட்டும்.” இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லித்தான் இதுவே புரிந்தது. கோபத்தில் மனிதருக்கு நாக்கே குழறுகிறது என்று கதாசிரியன் வெலவெலத்துப் போனான். பல்வலி இரண்டு மடங்கானது. ஆபீஸுக்குக் கீழ்த்தளத்திலேயே இருந்த இந்த க்ளினிக்கில் வந்து விழுந்தான்.

பெயர் எழுதும் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘தட்டச்சு’ என்று போட்டிருந்தான். பொய்யென்று சொல்ல முடியாது. அவன் விரல்கள் செய்வது அதைத்தான்.

ஊசி போட்டு, எச்சில் உறிஞ்சும் குழாயை வாயில் மாட்டியதும் டாக்டர் கேட்டார்: “அந்தத் தபால்காரன் கேம் ஆடியிருக்கீங்களா சார்?”

“ஆ...”

“ஆடியிருக்காராம்” என்றார் மறுபக்கம் நின்ற நர்ஸ். “அதை எழுதின ஆள் மட்டும் இந்த நாற்காலியில வந்து உட்காரட்டும். ஊசி போடாமலே பிடுங்கிடலாம் டாக்டர்.”

கதாசிரியன் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“சும்மா இரும்மா. உனக்குப் புரியலேன்னா அவர் என்ன பண்ணுவாரு?” டாக்டர் ட்ரில்லை நிறுத்திவிட்டுக் குனிந்தார். “காலையில வந்தவர்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். உறை மேல இருக்கற கையெழுத்தப் பார்த்தீங்களா சார்? தபால்காரன் வெச்சிருக்கற நோட்டுலயும் அதே கையெழுத்து. அப்போ லெட்டரை அனுப்பினது யாரு? அவனேதான்! அந்த வீட்ல இருக்கறது கோவிச்சுக்கிட்டுப் போன அவன் பொண்ணு. அவளுக்கு என்ன எழுதறதுன்னு தெரியல. வெத்துத் தாளை மடிச்சு எடுத்துக்கிட்டு நடந்தே வந்துட்டான். உள்ள என்ன எழுதியிருந்தா என்ன சார்? அப்பாவே வாசல்ல வந்து நிக்கறாரு இல்ல?”

நர்ஸ் மூக்கை உறிஞ்சினார்.

வரைகிறவர் இன்னொரு கையெழுத்து போடச் சோம்பல்பட்டதால்தான் இரண்டும் ஒன்றாக இருந்தன. அது கதாசிரியனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அவன் கண் நிறைந்துவிட்டது. தான் எழுதியது இவ்வளவு நல்ல கதை என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

“வலிக்குதா சார்?”

இல்லையென்று தலையாட்டினான்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படியேறினான். டாக்டர் சொன்னதை ஒரு வரி விடாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினான். போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

முதலாளி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நிலைமை அவ்வளவு மோசம் போலிருக்கிறது என்று கதாசிரியன் பரிதாபப்பட்டான்.

“இத்தனை நாள் வேணும்னேதான் சார் சொல்லாம இருந்தேன்” என்று ஆரம்பித்தான். மரத்துப்போன வாயில் வார்த்தை வழுக்கியது. கையெழுத்தைச் சொன்னான். மகளைச் சொன்னான். “அப்பாவே வாசல்ல வந்து நிக்கறாரு இல்ல சார்?” என்று தழுதழுத்து நிறுத்தினான். சும்மா இருந்திருக்கலாம். “எங்கப்பாவை நினைச்சு அழுதுக்கிட்டே எழுதினது சார்” என்று ஒரு பிட்டையும் சேர்த்துப் போட்டான். அவனுடைய அப்பா வீட்டில் தினமும் ரிமோட்டுக்காக அவனோடு மல்லுக்கு நிற்பவர்.

முதலாளி எழுந்து வந்து, கதாசிரியனின் வீங்கிய கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, குழறலாகக் கேட்டார்:

“உனக்கு எந்தப் பல்லுப்பா?”