ஃபாரின் வளையம்

தூண்டில் சங்கத் தலைவர் பரஞ்சோதியின் தூண்டிலில் பின்னல் நரம்பு மூன்றாம் முறையாக அறுந்தது.

"கோல் நுனி வளையம் சில்லு பேந்துருக்கு சார், அதான் அறுக்குது," என்றார் அவர் நின்ற கடற்பாறையிலேயே மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சூசை.

"ஃபாரின் வளையம்ப்பா. சில்லெல்லாம் பேராது."

அலை ஏறுவதைப் பார்த்துவிட்டுச் சூசை கூடையோடு கரைக்குப் போய்விட்டார். அடுத்த வீச்சில் தூண்டில் முள் கடலடிப் பாறையில் சிக்கியது. நரம்பின் பலத்தைக் காட்டவென்றே தலைவர் அதை உள்ளங்கையில் நாலு சுற்றுச் சுற்றி இழுத்தார். சுற்று இறுகிச் சதைக்குள் இறங்கியது, நரம்பு அறவில்லை, கையை உருவவும் முடியவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

"அந்த வளையத்துலயே வச்சுத் தேயுங்க சார், அறுந்துரும்!" என்று சூசை கத்தினார்.

கரையில் சூசையருகே நின்ற சங்க உறுப்பினர்கள், "பெரிய மீனு, விட்டுராதீங்க தலைவரே!" என்று கைதட்டினார்கள்.

தலைவர் கோலை உயர்த்தி அவர்களுக்கு ஆட்டிக் காட்டினார்.