லஸ்ல இருந்து லஸ்ஸுக்கு

"நான் ஒண்ணும் யார் வேலைக்கும் உலை வெக்கல சார். டிக்கெட் டேட்டாவை அலசிப் பாருன்னு சொன்னது நீங்க. அலசினேன், அழுக்கு வந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

தி.நகர் பஸ் ஸ்டாண்டுல நின்னு போன்ல கத்திட்டிருந்தா ஜுவேரியா. அந்தப் பக்கம் அவளோட புரொஃபசர் கஸ்தூரிரங்கன். கண்டக்டருங்க கையில இருக்கிற டிக்கெட் மெஷின்ல பதிவாகுறதை வெச்சு, எங்க பஸ்ஸைக் கூட்டலாம், எங்க குறைக்கலாம்னு சொல்ற புராஜெக்ட். பேரு அவருக்கு, முதுகு வலி இவளுக்கு.

"ஒரு வருஷமா சார். ஒரே கண்டக்டர். சாயங்காலம் ஆறு மணி ஆனா போதும், மயிலாப்பூர் லஸ் ஸ்டாப்ல இருந்து அதே லஸ்ஸுக்கு லேடீஸ் ஃப்ரீ டிக்கெட் நாப்பது, அம்பதுன்னு கிழிக்கிறார். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கவர்மென்ட் காசு குடுக்குது. ஏறின இடத்துலயே எறங்க எந்தப் பொம்பளை சார் பஸ் ஏறுவா? சரி, அவர்கிட்ட நேர்லயே பேசிட்டு வரேன். ஆனா விசாரணை வேண்டாம்னு மட்டும் நான் எழுதித் தர மாட்டேன்."

வியாழக்கிழமை விசாரணை. இவ அனுப்பின ஒரே ஒரு மெயில்தான் காரணம். கண்டக்டர் பொன்னுரங்கத்துக்கு வேலை போனாலும் போகும்.

பட்டினப்பாக்கம் போற அவர் வண்டியில ஏறினதுமே, உங்க மேல புகார் குடுத்தது நான்தான்னு அவர்கிட்ட சொல்லிட்டா. நாப்பது வயசிருக்கும் அவருக்கு. மேலும் கீழும் பாத்தார்.

"ஓ, நீதானா அது? நான் யாரோ பெரிய ஆபீசர்னு பயந்துக்கினு இருந்தேன். சரி, அப்பால பேசிக்கலாம். மொதல்ல டிக்கெட் வாங்கு."

அதுக்கப்புறம் அவர் அவ பக்கம் திரும்பவே இல்ல. பனகல் பார்க் தாண்டறதுக்குள்ள உக்கார எடம் போச்சு. ஆழ்வார்பேட்டையில நிக்கிற எடமும் போச்சு. ஜுவேரியா விடல, கூட்டத்துல நசுங்கிக்கிட்டே அவர் சீட்டு பக்கத்துல வந்து நின்னா.

லஸ் வந்துச்சு. வீட்டு வேலை முடிச்ச பொம்பளைங்க கையில பையோட ஒரு கும்பலா நின்னாங்க. வண்டி ஸ்லோ ஆச்சு. படியில தொங்கறவங்களைத் தாண்டி ஒரு கால் வெக்க வழி இல்ல. ரெண்டு பேர் எப்படியோ தொத்திக்கிட்டாங்க. மத்தவங்க கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தாங்க, நின்னுட்டாங்க. வண்டி கிளம்பிடுச்சு.

பொன்னுரங்கம் ஜன்னல் வழியா தலையை நீட்டிப் பாத்துட்டிருந்தார். உதடு முணுமுணுன்னு எண்ணுச்சு. தலையை உள்ள இழுத்ததும் கட்டைவிரல் மெஷின் மேல ஓடிச்சு. டிக்கெட் வால் மாதிரி நீண்டுக்கிட்டே போச்சு. நாப்பத்தேழு. லஸ்ல இருந்து லஸ்ஸுக்கு.

கையும் களவுமா மாட்டினார்னு நெனச்சா ஜுவேரியா. "யாருக்குண்ணா இது?"

"அதோ நிக்கிறாங்க பாரு, அவங்களுக்கு."

"அவங்கதான் ஏறவே இல்லயே."

"அதான்மா மேட்டரே. ஏறினவங்க மெஷின்ல கீறாங்க. ஏறாதவங்க எங்க கீறாங்க? லஸ்ல ரெண்டு பேர்தான் ஏறுறான், எதுக்கு இன்னொரு வண்டின்னு ஆபீஸ்ல கேக்குறாங்கோ. எடம் இருந்தாத்தானே ஏறுவான்? லெட்டர் எழுதிப் பாத்தேன். லெட்டருக்கு யாரு பதில் போடறா? மெஷின்ல போட்டா எவனாவது பாத்தே ஆவணும்ல."

"பட்டினப்பாக்கம்னே போட்டிருந்தா மாட்டியிருக்க மாட்டீங்களே?"

அவர் மொறைச்சார். "அது பொய்யாயிடும்மா. அவங்க எங்கியும் போகலியே. ஏறின எடமும் எறங்கின எடமும் ஒண்ணுன்னா, நின்ன எடத்துலயே நிக்கிறாங்கன்னு அர்த்தம். படிச்சவங்களுக்குப் புரியும்னு நெனச்சேன்."

பட்டினப்பாக்கத்துல எறங்கி அந்த ஸ்டாப்புலயே லேப்டாப்பைத் திறந்தா. அவர் போட்ட டிக்கெட்டை மட்டும் தேதி வாரியா அடுக்கினா.

சாதாரண நாள்ல நாப்பது, அம்பது. மழை நாள்ல நூத்திச் சொச்சம். தி.நகர் சப்வேல தண்ணி நின்னு ஆறு மணி வண்டி ஏழரைக்கு வந்த அன்னிக்கு இருநூத்துப் பத்து. எந்தத் தேதியில, எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு, எத்தனை பேரை ஊரு நடுரோட்டுல விட்டுட்டுப் போச்சுன்னு ஒண்ணு விடாம இருந்துச்சு. ஊர்ல சிக்னலுக்கு சிக்னல் கேமரா இருக்கு. ஒரு கேமராகிட்டயும் இது இல்ல. ஒரு மனுஷன், ஒரு கட்டைவிரல்.

ஒரு வருஷத்துக்கும் சேத்துக் கூட்டினா, பதினாலாயிரம் பேர்.

வியாழக்கிழமை காலையில மயிலாப்பூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல பஸ் சர்வீஸ் பத்தி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். விசாரணை அன்னிக்கு மத்தியானம். மேடையில ஒரு அதிகாரி ஜுவேரியாவோட புராஜெக்ட் ரிப்போர்ட்டை வாசிச்சார். லஸ்ல சாயங்காலம் கூட்டமே இல்லையாம், இருக்கிற வண்டியிலயும் ஒண்ணைக் குறைக்கலாமாம். போலி டிக்கெட் போட்ட கண்டக்டர் மேல நடவடிக்கை நிச்சயமாம். முன்வரிசை கை தட்டுச்சு.

ஜுவேரியா மைக்கைப் புடிச்சா. கஸ்தூரிரங்கன் உக்காரச் சொல்லி சைகை காட்டினார். அவ பாக்கல.

"கூட்டம் இல்லன்னு டேட்டா சொல்லல சார். பதினாலாயிரம் பேர் நின்னாங்கன்னு சொல்லுச்சு. அவங்களை ஒவ்வொருத்தரா எண்ணி வெச்சவரைத்தான் நீங்க திருடன்னு விசாரிக்கப் போறீங்க. அந்த டிக்கெட் கணக்கு எல்லாம் குப்பைன்னு ரிப்போர்ட்ல இருந்து அழிச்சது யாரு தெரியுமா? நான். ஜுவேரியா. என் தப்பை நான் சொல்லிட்டேன். இந்த ரிப்போர்ட்ல என் கையெழுத்தோட இன்னும் ஆறு பேர் கையெழுத்து இருக்கு. ஆறு பேர்ல ஒருத்தராவது, சாயங்காலம் ஆறு மணிக்கு லஸ்ல பஸ்ஸுக்கு நின்னிருக்கீங்களா? இந்தாங்க மைக். எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."