பத்து நிமிடத் தாமதம்

"லிசி மேடம், அந்த ஜோஸ் இன்னைக்கும் லேட்டா வந்தா என்ன பண்ணுவீங்க?"

நிர்வாகி நிஜாமுதீன் லிசியிடம் கேட்டார். நர்ஸுகளுக்கு ஜெர்மன் மொழி சொல்லித்தரும் அந்தத் தில்லை நகர் பயிற்சி மையத்தில் அவள் டீச்சராகச் சேர்ந்து மூன்று மாதம்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"வெளிய அனுப்பிடுவேன் சார்."

"அனுப்புங்க, நானும் பாக்கறேன்" என்று அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். மனுஷன் அப்படியொரு கண்டிப்பு. அவர் போட்ட சட்டமெல்லாம் போர்டுக்கு மேலேயே ஒட்டியிருந்தது. வகுப்பில் தமிழ் கூடாது. செல்போன் கூடாது. டீச்சரின் சொந்தக்காரர் யாரும் அவரிடமே படிக்கக்கூடாது. மூன்று முறை தாமதமாக வந்தால் அந்த மாதப் பரீட்சைக்குப் பெயர் போகாது.

ஜோஸ் தினமும்தான் பத்து நிமிடம் தாமதம். ஆனால் லிசி எழுதிவைத்தது இரண்டே நாள். மேடம் அவருக்கு மட்டும் சலுகை காட்டுகிறார் என்று முதல் பெஞ்ச் பாக்கியமேரி புகார் கொடுத்துவிட்டாள். அதனால்தான் இன்றைக்கு இந்தச் சோதனை.

இந்த மாதம் பரீட்சை எழுதினால்தான் ஜோஸுக்கு ஜெர்மனி ஆஸ்பத்திரியில் வேலை. விட்டால் போச்சு, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார்.

ஒன்பது மணிக்குப் பாடம் ஆரம்பமானது. வாய் ஜெர்மன் சொன்னது, கண் கடிகாரத்திலேயே இருந்தது. மாதாவே, இன்றைக்கு ஒரு நாளாவது இந்த ஆள் சீக்கிரம் வந்து தொலைக்கக்கூடாதா? போன் பண்ணிச் சொல்லலாமென்றால் எதிரே நிஜாமுதீன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார்.

ஒன்பது பத்து. ஹெல்மெட்டும் கையுமாக ஜோஸ் வாசலில் நின்றான்.

"ஏன் தம்பி லேட்டு?" என்றார் நிஜாமுதீன்.

ஜோஸ் தரையைப் பார்த்தான். "வீட்ல அவங்கள வேலைக்கு எறக்கி விட்டுட்டு வரேன் சார்."

"அவங்க ஆட்டோல போகட்டும். உங்க பொழப்பைப் பாருங்க. மேடம், எழுதுங்க."

லிசி வருகைப் பதிவை எடுத்தாள். மூன்றாவது தாமதம் என்று எழுதிப் பரீட்சைப் பட்டியலில் ஜோஸ் பெயரை அடித்தாள். அவன் படி இறங்கிப் போனான். நிஜாமுதீன் எழுந்து, இப்படித்தான் இருக்கணும் என்று பாராட்டிவிட்டு, வேலை நிரந்தரமாகும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். லிசிக்கு அது காதிலேயே ஏறவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவள் இரண்டு தெரு தள்ளியிருந்த மெடிக்கல் ஷாப்புக்கு நடந்தாள். அங்கே வண்டியோடு காத்திருந்த ஜோஸின் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நாந்தாங்க கெடுத்தேன். சேந்து வந்தா புருஷன் பொண்டாட்டின்னு தெரிஞ்சிடும், என்னை எறக்கி விட்டுட்டு பத்து நிமிஷம் சுத்திட்டு வாங்கன்னு தெனமும் சொன்னது நாந்தானே."